கையளவுக் குதிரைப்படை

நவராத்திரி நெருங்கினால் கொலுப்பெட்டியைத் திறந்து, நிறம் போன செட்டியார் பொம்மைக்கும் தசாவதாரத்துக்கும் தூரிகை பிடிக்கும் தாய்மார்கள் நம்மிடையே பலர் உண்டு. அதே கைப்பக்குவத்தைக் கேட்கும் ஒரு பொழுதுபோக்கு மேலைநாடுகளில் நிலைபெற்றிருக்கிறது. பழங்காலப் போர்களை மேசைமேல் நடத்திப் பார்க்கும் ‘வார்கேமிங்’ ஆட்டத்துக்காகச் சின்னஞ்சிறு வீரர்களுக்கு வண்ணம் தீட்டுவதே அது. அதிலும் குதிரைவீரர்களைத் தீட்டுவது தனிக்கலை.

இந்த ஆட்டம் பிள்ளை விளையாட்டாகத் தொடங்கியதன்று. 1824-இல் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்ய இராணுவ அதிகாரி, வரைபடத்தின்மேல் கட்டைகளை நகர்த்திப் போர்ப்பயிற்சி பெறும் முறையைத் தம் மேலதிகாரிகளுக்கு விளக்கிக் காட்டினார். 1913-இல் ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ், பொம்மை வீரர்களை வைத்து வீட்டில் ஆடும் விதிகளை ‘லிட்டில் வார்ஸ்’ என்ற நூலாக வெளியிட்டார். பின்னாளில் பலரும் விதிகளை விரிவாக்கினார்கள். படை நகரும் தூரத்தை அங்குலத்தில் அளப்பார்கள். மோதலின் முடிவுக்குப் பகடை உருட்டுவார்கள்.

இன்று பெரிதும் புழங்கும் அளவு 28 மில்லிமீட்டர். நிற்கும் வீரனின் உயரம் அது. குதிரைமேல் ஏறிய வீரன் இரண்டு அங்குலத்துக்குள் அடங்கிவிடுவான். அந்த இரண்டு அங்குலத்துக்குள் கடிவாளம், சேணம், அங்கவடி, பொத்தான், வாள் உறை எல்லாம் வார்க்கப்பட்டிருக்கும்.

நிறத்துக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

துப்பாக்கிப் புகை சூழ்ந்த களத்தில் நண்பன் யார், பகைவன் யார் என்று காட்டியது உடையின் நிறம்தான். அக்காலத்துப் பிரெஞ்சுக் குதிரைப்படையில் கொம்பூதும் வீரனுக்குப் பெரும்பாலும் வேறு நிறச் சட்டையும் வெளிர்நிறக் குதிரையும் தருவது வழக்கம். தளபதியின் கட்டளையை ஒலியாக்குபவன் அவன். நெரிசலிலும் அவனை உடனே அடையாளம் காண வேண்டுமல்லவா? ஆகவே நிறம் மாறினால் வரலாறே மாறிவிடும் என்பது இக்கலைஞர்களின் எண்ணம்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 1815 ஜூன் 18 அன்று நடந்த வாட்டர்லூ போரில் ‘ஸ்காட்ஸ் கிரேஸ்’ என்ற பிரிட்டிஷ் குதிரைப்படை பாய்ந்து சென்று, பிரெஞ்சுக் காலாட்படையின் 45-ஆம் பிரிவிடமிருந்து கழுகுச் சின்னத்தைக் கைப்பற்றியது. அந்தப் பாய்ச்சலை 1881-இல் லேடி பட்லர் ‘ஸ்காட்லண்ட் ஃபார் எவர்’ என்ற ஓவியமாகத் தீட்டினார். நாலுகால் பாய்ச்சலில் நம்மை நோக்கியே வரும் அந்தக் குதிரைகளைப் பார்த்தவர் மறக்க மாட்டார்கள். ஆனால் போருக்கும் ஓவியத்துக்கும் இடையே 66 ஆண்டுகள். உண்மையில் அன்று நிலம் மழையில் ஊறிக் கிடந்தது; தம் பக்கத்துக் காலாட்படையின் ஊடே குதிரைகள் நுழைந்து போக வேண்டியிருந்தது; அதனால் பெரும் வேகம் கிடைக்கவில்லை. வீரர்களின் கரடித்தோல் தொப்பிகளும் எண்ணெய்த்துணி உறைக்குள் இருந்தன என்பர். தீட்டுகிறவர் ஓவியத்தின் அழகைப் பின்பற்றுவதா, சேறு படிந்த உண்மையைப் பின்பற்றுவதா? சிறந்த கலைஞர்கள் இரண்டாவதையே தேர்கிறார்கள்.

அந்தப் போரில் வென்ற வெலிங்டன் நமக்கு அந்நியரல்லர். 12 ஆண்டுகளுக்கு முன், 1803-இல், இன்றைய மகாராஷ்டிரத்திலுள்ள அசாயேயில் அவர் மராட்டியப் படையை எதிர்த்தபோது, சென்னை மாகாணக் குதிரைப்படையின் 4, 5, 7-ஆம் பிரிவுகள் அவருடன் நின்று போரிட்டன.

தீட்டும் முறை

உலோக உருவத்தை முதலில் சோப்பு நீரில் கழுவி, அச்சின் பிசிறுகளைச் சிறு அரத்தால் நீக்க வேண்டும். பின்னர் பிரைமர் பூச்சு. மழைக்காலத்தில் தெளிப்பான் பிரைமரைத் தவிர்ப்பது நல்லது. காற்றில் ஈரம் மிகுந்தால் பூச்சு சொரசொரப்பாகிவிடும்.

குதிரையையும் வீரனையும் ஒட்டாமல் தனித்தனியே தீட்டுங்கள். ஒட்டிவிட்டால் சேணத்தின் ஓரத்திலும் வீரனின் கால் மறைவிலும் தூரிகை புகாது. அக்ரிலிக் வண்ணத்தைத் தண்ணீர் கலந்து இளக்கி, மெல்லிய பூச்சாக இருமுறை கொடுக்க வேண்டும். ஒரே தடவையில் அப்பினால் நுணுக்கங்கள் மூடிப்போகும். அடிநிறம் காய்ந்ததும் நீர்த்த கருநிறத்தைப் பூசினால் அது பள்ளங்களில் தங்கி நிழலாகும். மேடான இடங்களில் வெளிர்நிறம் தொட்டால் ஒளியாகும். மிகச் சிறிய தூரிகைதான் நல்லது என்று எண்ண வேண்டாம். அதில் வண்ணம் உடனே காய்ந்துவிடும். நுனி கூராக நிற்கும் 1-ஆம் எண் தூரிகையே போதும்.

குதிரையின் நிறத்துக்கும் இலக்கணம் உண்டு. ‘பே’ என்னும் வகைக்கு உடல் செம்பழுப்பு. பிடரிமயிர், வால், கால்களின் கீழ்ப்பகுதி ஆகியவை கருப்பு. ‘செஸ்ட்நட்’ வகையில் கருப்புக் கலப்பே இராது. ‘கிரே’ குதிரை கருமையாகப் பிறந்து, வயது ஏற ஏற வெளுக்கும். நம் தலைமுடி நரைப்பதைப் போல! ஆகவே ஸ்காட்ஸ் கிரேஸ் படையில் எல்லாக் குதிரைகளையும் ஒரே வெள்ளையாகத் தீட்டுவது பொருந்தாது. சில சாம்பல் நிறத்தில், சில புள்ளிகளோடு, வயதானவை வெளுத்து இருக்கட்டும். உடல் வெளுத்தாலும் அடித்தோல் கருமையே என்பதால் மூக்கைச் சுற்றிக் கருஞ்சாம்பல் வேண்டும்.

பெற்றோர் கவனத்திற்கு

பழைய உருவங்கள் பலவற்றில் ஈயம் கலந்திருக்கும். அரம் தேய்த்த தூளை ஊதக் கூடாது. ஈரத்துணியால் துடைக்க வேண்டும். வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் கை கழுவ வேண்டும். தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கும் பழக்கம் அறவே கூடாது. உணவு மேசையில் இவ்வேலை வேண்டாம்.

போரை விளையாட்டாக்குவதா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. வாட்டர்லூவில் ஸ்காட்ஸ் கிரேஸ் படையில் ஏறத்தாழ நானூறு பேர் இருந்தார்கள். மாண்டவரும் காயமுற்றவருமாகச் சுமார் 200 பேர். பாடநூலில் இது ஒரு வரி. படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவோம். ஆனால் ஒரு வீரனைத் தீட்டி முடிக்கவே சில மாலைப்பொழுதுகள் வேண்டும். பொத்தான் பொத்தானாக இருபது பேரைத் தீட்டி முடித்த பிள்ளைக்கு, அவர்களில் பத்துப் பேர் அன்று மாலைக்குள் வீழ்ந்தார்கள் என்று சொல்லிப் பாருங்கள். அந்த எண்ணின் கனம் அப்போது அவனுக்குப் புரியும். பொறுமையும் வரலாற்று அறிவும் ஒருங்கே வளரும் இம்முயற்சியை நம் வீட்டுப் பிள்ளைகளும் வருகிற விடுமுறையில் ஒரே ஒரு குதிரையோடு தொடங்கலாமே!