அமிகா ஏன் பின்தங்கியது?

1985ஆம் ஆண்டு அமெரிக்காவின் கமடோர் நிறுவனம் அமிகா என்னும் வீட்டுக் கணிப்பொறியை வெளியிட்டது. 4096 நிறங்கள், நான்கு தடங்களில் ஒலி, ஒரே வேளையில் பல பணிகள்! படத்திற்கும் ஒலிக்கும் தனித்தனிச் சில்லுகள் அமைத்ததே அவ்வாற்றலுக்குக் காரணம்.

ஆனால், அச்சில்லுகளே பின்னர்த் தளையாயின. அமிகா ஒரு புள்ளியின் நிறத்தைப் பல நினைவகத் தளங்களில் பிரித்து வைத்தது. 1987இல் ஐ.பி.எம். கொணர்ந்த வி.ஜி.ஏ. முறையிலோ, 256 நிறங்களுக்குப் புள்ளிக்கு ஒரு பைட் போதும். கமடோர் தன் சில்லுகளைப் பெரிதும் மேம்படுத்தியது 1992இல்தான். அப்போதும் பழைய முறையே நீடித்தது. 1993இல் 'டூம்' போன்ற விளையாட்டுகள் புள்ளிகளை விரைந்து மாற்றக் கோரின. எட்டுத் தளங்களைத் தொடவேண்டிய அமிகா திணறியது. 1994 ஏப்ரலில் கமடோர் வீழ்ந்தது.

ஒன்றைக் கண்டுபிடிப்பதோடு ஆய்வாளன் கடமை முடிவதில்லை. அதை நாளும் திருத்தி வளர்ப்பதும் அவன் கடமையன்றோ?