மூட்டை கட்டுமுன்

வெளி மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நமக்கு மூட்டை கட்டுவது புதிதன்று. உத்தியோகத்தின் பொருட்டு முதன்முதலில் ரயிலேறிய நாளில், ஒரு தகரப் பெட்டியும் படுக்கைச் சுருளும் ஊறுகாய் ஜாடியும் நம்முடன் வந்தன. அவற்றோடு ஓர் அச்சமும் வந்தது. நள்ளிரவில் கதவைத் தட்டும் தந்திச் சேவகனைப் பற்றிய அச்சம் அது. ‘உடனே புறப்படவும்’ என்னும் இரண்டு சொற்களுக்காக, ஊருக்குச் செல்லும் ரயில் கட்டணத்தை ஓர் உறையிலிட்டு அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்திருந்த வீடுகள் நம்மிடையே பல. மாதக் கடைசியிலும் அந்த உறையில் கை வைப்பதில்லை. தந்திச் சேவை 2013ஆம் ஆண்டு ஜூலையில் நின்றுபோயிற்று. அச்சம் மட்டும் கைப்பேசிக்கு மாறிக்கொண்டது.

நெடுநாள் வெளிநாட்டுப் பயணத்திற்கு ஆயத்தம் செய்வது பற்றிக் கூறப் புகுந்த நாங்கள், அந்தப் பழைய உறையிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. அதைப் பின்னர்ச் சொல்வோம்.

கணவனும் மனைவியுமாகிய நாங்கள் இருவரும் கொல்கத்தாவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து ஓய்வு பெற்றவர்கள். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கிற்கு ‘ரஜூலா’ என்ற கப்பலில் சென்று வந்த பாட்டனாரின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள். அக்கப்பல் 1926இல் கட்டப்பட்டு, 1970களின் தொடக்கம் வரை வங்கக் கடலில் ஓடியது. தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம், மலேசியா, சிங்கப்பூர் ஆகிய ஐந்து நாடுகளை, முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு, இயன்றவரை ரயிலிலும் பேருந்திலுமாக நான்கு மாதங்களில் கண்டு வர விரும்பினோம். பிறர் பிடிக்கும் கொடியின் பின்னே கூட்டமாக ஓட மனம் இல்லை. ஆனால் கும்பகோணத்தில் தம்பியின் குடும்பத்தோடு வாழும் எங்கள் தாயாருக்கு அப்பொழுது வயது 84. போகலாமா என்பதே முதல் கேள்வியாக இருந்தது. “நான் நன்றாகத்தான் இருக்கிறேன், போய் வாருங்கள்” என்று அவரே கூறிய பிறகுதான் தேசப்படத்தை விரித்தோம்.

தேசப்படத்தோடு மழைக் கணக்கையும் பார்க்க வேண்டும். தாய்லாந்து, லாவோஸ் ஆகிய நாடுகளின் பெரும்பகுதியில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை வறண்ட, இதமான காலம். ஆனால் வியட்நாமின் நடுப்பகுதியிலுள்ள ஹூவே நகரத்திற்கு, நம் தஞ்சை மாவட்டத்தைப் போலவே, அக்டோபரும் நவம்பருமே பெருமழைக் காலம். ஆகவே டிசம்பரில் புறப்பட்டு ஜனவரிக் கடைசியில் அந்நகரை அடையத் திட்டமிட்டோம். வழியும் நிலையானது அன்று. கொல்கத்தாவிலிருந்து மியன்மார் வழியே தரை மார்க்கமாகவே பாங்காக் சேர எண்ணியிருந்தோம். 2021இல் அங்கு நேர்ந்த இராணுவப் புரட்சியும் அதன்பின் மூண்ட உள்நாட்டுப் போரும் அந்த எண்ணத்தைக் கைவிடச் செய்தன. தாய்லாந்துக்கும் கம்போடியாவுக்கும் இடையே 2025 ஜூலையில் எல்லைச் சண்டை மூண்டது. மாறாக, லாவோஸில் 2021 டிசம்பரில் திறக்கப்பட்ட ரயில் பாதையால், வியன்டியானிலிருந்து லுவாங் பிரபாங்கிற்கு ஒரு பகல் முழுவதும் மலைப்பாதையில் குலுங்கிச் சென்ற பயணம் இரண்டு மணி நேரமாகக் குறைந்தது. பழைய வழிகாட்டி நூலை நம்பிப் புறப்படலாகாது என்பதற்கு இவை போதும்.

அடுத்தது பாஸ்போர்ட். இது அரசாங்கம் தயவு கூர்ந்து அளிக்கும் சலுகை என்று நம்மில் பலர் இன்றும் எண்ணுகிறோம். அயல்நாடு செல்லும் உரிமை தனிமனித சுதந்திரத்தின் பகுதியே என்று உச்ச நீதிமன்றம் 1967இல் சத்வந்த் சிங் வழக்கில் தீர்ப்பளித்தது; அதே ஆண்டில் பாஸ்போர்ட்டுச் சட்டமும் இயற்றப்பட்டது. விண்ணப்பிப்பதற்குச் சொந்த ஊருக்கு ஓட வேண்டியதில்லை. இப்பொழுது குடியிருக்கும் முகவரிக்குச் சான்று இருந்தால் போதும். பயணம் முடிந்த பின்னும் ஆறு மாதங்களுக்குக் குறையாமல் பாஸ்போர்ட்டு செல்லுபடியாக வேண்டும் என்பது பல நாடுகளின் விதி. விசா விதிகளோ அடிக்கடி மாறுபவை. சென்ற ஆண்டு சென்று வந்த நண்பரின் சொல்லைக் கேட்டு அமைதியடையாமல், அந்தந்த நாட்டுத் தூதரகத்தின் அறிவிப்பையே பார்க்க வேண்டும்.

இவ்விடத்தில் தமிழர்களுக்கே உரிய ஒரு தொல்லையைக் கூறியாக வேண்டும். அது நம் பெயர். இராமசாமியின் மகன் முருகன் என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஊரில் அவர் இரா. முருகன். பாஸ்போர்ட்டில் தலைப்பெழுத்தை அவ்வாறே அச்சிடுவதில்லை, விரித்தெழுத வேண்டும். ஆகவே ஒருவருக்குத் தந்தையின் பெயர் குடும்பப் பெயராகிறது. இன்னொருவருக்கு அந்த இடம் வெறுமையாகவே நின்றுவிடுகிறது. ஐக்கிய அரபு நாடுகள் 2022 நவம்பரில், ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள பாஸ்போர்ட்டுடன் வரும் சுற்றுலாப் பயணிகளை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தபோது, நம்மவர் பலர் திகைத்தனர். மணமான பெண்களுக்குத் தொல்லை இரட்டிப்பு. வங்கியில் கணவர் பெயர், பள்ளிச் சான்றிதழில் தந்தை பெயர் என்று அவர்கள் இரண்டு பேராக வாழ்கிறார்கள். எனவே விமானச் சீட்டு, விசா, காப்பீடு, வங்கி அட்டை ஆகிய யாவும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கின்றனவா என்று ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்து சரிபார்த்தல் நன்று. அயல்நாட்டு அதிகாரி நம் தந்தையின் பெயரைச் சொல்லி அழைத்தால், கூச்சமின்றி எழுந்து செல்லவும் பழக வேண்டும். அவர் பெயரும் நம்முடன் பயணம் செய்கிறது என்று மகிழ்ந்துகொள்ளலாம்.

பணத்தைப் பற்றிச் சில சொற்கள். 1960களில் வெளிநாடு சென்ற இந்தியருக்குக் கையில் கிடைத்தவை சில டாலர்களே. இன்று ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பவோ செலவிடவோ விதி இடம் தருகிறது. நமக்கு அவ்வளவு இருக்கிறதா என்பது வேறு விஷயம். ஒரு பயணத்திற்கு அயல்நாட்டு நோட்டுகளாக 3,000 டாலர் மதிப்பு வரையிலும், நம் ரூபாய் நோட்டுகளாக 25,000 வரையிலும் எடுத்துச் செல்லலாம். கணவன் பையில் ஓர் அட்டை, மனைவி பையில் வேறு வங்கியின் அட்டை என்று பிரித்து வைக்க வேண்டும். அயல்நாட்டு ஏ.டி.எம். இயந்திரம், ‘ரூபாயில் கணக்கிடட்டுமா?’ என்று அன்போடு கேட்கும். வேண்டாம் என்று மறுத்து, அந்நாட்டு நாணயத்திலேயே கணக்கிடச் செய்வதுதான் லாபம். வங்கியின் ரகசிய எண் நம் இந்தியக் கைப்பேசி எண்ணுக்கே வருமாதலால், அந்த எண் வெளிநாட்டிலும் இயங்க முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

உடம்பைக் கவனிக்காத பிரயாணி பாதி வழியில் திரும்புவான். புறப்படுவதற்கு ஆறு வாரம் முன்பே மருத்துவரைக் கண்டு, எந்தத் தடுப்பூசிகள் தேவை என்று கேட்டறிய வேண்டும். ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா செல்வோர்க்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி முக்கியம். போட்டுக்கொண்ட பத்தாம் நாளிலிருந்துதான் அதன் சான்றிதழ் செல்லுபடியாகும். நாள்தோறும் உட்கொள்ளும் மாத்திரைகளை மருந்துச் சீட்டோடு, கடை அட்டையிலிருந்து பிரிக்காமல், கைப்பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். காப்பீடு எடுக்கும்பொழுது பழைய நோய்களை மறைக்கலாகாது. இன்று மறைத்த சர்க்கரை நாளை பணம் கேட்கும்போது குறுக்கே நிற்கும். இன்னொரு எச்சரிக்கை தாய்மார்களுக்கு: நம் சமையலறைக் கசகசா, சிங்கப்பூரிலும் அரபு நாடுகளிலும் போதைப் பொருளோடு சேர்த்து எண்ணித் தடுக்கப்படுவது. மசாலாப் பொடியில் அது கலந்திருந்தால் வீட்டிலேயே விட்டுச் செல்க.

நிற்க. பையின் கதைக்கு வருவோம். பல விமானங்களில் கைச்சுமையாக 7 கிலோதான் அனுமதிக்கிறார்கள். நாங்கள் வேண்டியவற்றையெல்லாம் கட்டிலின்மேல் பரப்பி நிறுத்துப் பார்த்தபோது, ஆளுக்கு 14 கிலோ இருந்தது. இதற்கு ஒரே வைத்தியம், நிரப்பிய பையைச் சுமந்து நடந்து பார்ப்பதுதான். தினமும் விடியற்காலையில் ரவீந்திர சரோவர் ஏரிக்கரையைச் சுற்றி வந்தோம். முதல் நாளே இஸ்திரிப் பெட்டி வெளியேறிற்று. மூன்றாம் நாள் புளிக்காய்ச்சல் ஜாடி. ஐந்தாம் நாள் பட்டுப் புடவை. பத்தாம் நாள் மிஞ்சியவை மூன்று மாற்று உடைகள், ஒரு மெல்லிய போர்வை, மழைச்சட்டை, மருந்துப் பொட்டலம், துணி உலர்த்தும் கயிறு, ஒரு தமிழ்ப் புத்தகம். கனமான பொருள் முதுகை ஒட்டி நடுவில் இருக்க வேண்டும். இடுப்புப் பட்டையை இறுக்கினால் பாரம் தோளை விட்டு இடுப்பில் இறங்கும். கைப்பேசிக்கு மின்சாரம் ஊட்டும் மின்கலத்தைக் கைச்சுமையில்தான் வைக்க வேண்டும். விமானத்தின் அடித்தட்டுக்குச் செல்லும் சாமானில் அதற்கு அனுமதி இல்லை.

புளிக்காய்ச்சல் இன்றிச் சைவ உணவினர் எப்படிப் பிழைப்பது? இரண்டு சொற்கள் போதும். தாய்லாந்தில் ‘ஜே’ என்றும், வியட்நாமில் ‘சாய்’ என்றும் கேட்டால், மீன் சாறு கூடச் சேராத உணவு கிடைக்கும். தாய்லாந்தின் ‘ஜே’ சமையலில் வெங்காயமும் பூண்டும் கூட இல்லை என்பது நம் பாட்டிமார்களுக்கே மகிழ்ச்சி தரும் செய்தி. மலேசியாவிற்கு வந்துவிட்டால் கவலை இல்லை. பினாங்கில் 1833ஆம் ஆண்டின் மகாமாரியம்மன் கோயில் தெருவிலேயே இட்லியின் மணம் வரவேற்கும். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாதலால், விமான நிலையப் பலகையே நம்முடன் தமிழில் பேசும்.

வீட்டைப் பூட்டுவதும் ஓர் ஆயத்தமே. ஓய்வூதியம் பெறுவோர் நவம்பரில் உயிர்வாழ் சான்றிதழ் அளித்தாக வேண்டும். அதை முடித்த பின்னரே நாங்கள் பயணச்சீட்டு வாங்கினோம். 2014 முதல் மின்னணு முறையிலும் இதைச் செய்யலாம். எரிவாயு, மின்கட்டணம், அண்டை வீட்டாரிடம் ஒரு சாவி, பாஸ்போர்ட்டின் நகல் ஒன்று தம்பியிடம் என எல்லாம் முடிந்தன.

கடைசியாக அந்த உறை. அதுதான் எங்கள் ஆயத்தங்களுள் முதன்மையானது. ஒரு தாளில் நாங்கள் தங்கவிருந்த ஊர்களையெல்லாம் எழுதினோம். ஒவ்வோர் ஊருக்கு எதிரிலும், அங்கிருந்து திருச்சிக்கோ சென்னைக்கோ மிக விரைவில் வந்து சேரும் வழி எது, எந்த நகரத்தில் விமானம் மாற வேண்டும் என்று குறித்தோம். இருவரும் திரும்புவதற்கான தொகையைத் தனிக் கணக்கில் இட்டு, அதன் அட்டையை ஓர் உறையிலிட்டு ஒட்டினோம். பயணத்தில் எவ்வளவு பணமுடை வந்தாலும் அதைப் பிரிப்பதில்லை என்பது ஒப்பந்தம். தாயாரிடம் தொலைபேசியில் இதைச் சொன்னபோது சிரித்தார். “நம்ம பழைய உறைதானே?” என்றார்.

டிசம்பர் முதல் வாரத்தில் ஓர் இரவு, ஆளுக்கு ஏழு கிலோவோடு பாங்காக் விமானம் ஏறினோம். மேகாங் ஆற்றை 1994இல் கட்டிய நட்புறவுப் பாலத்தின் வழியே கடந்து லாவோஸ் சென்றோம். நாற்பத்தேழாம் நாள் ஹூவேயில், காலைத் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபொழுது தம்பியின் அழைப்பு வந்தது. தாயார் கொல்லையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. மறுநாள் அறுவைச் சிகிச்சை.

யாரைக் கேட்பது, எந்த வழி, எவ்வளவு ஆகும் என்று நாங்கள் ஒரு நிமிஷமும் தவிக்கவில்லை. தாளில் எல்லாம் இருந்தது. ஹூவேயிலிருந்து ஹோ சி மின் நகரம், அங்கிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து திருச்சி. உறையைப் பிரித்தோம். மறுநாள் பிற்பகல், அவரைச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்லுமுன் மருத்துவமனைக் கட்டிலருகே நின்றோம். எங்கள் முதுகில் பை இன்னும் இருந்தது. அவர் கண் விழித்துப் பார்த்து முதலில் கேட்டது: “உறையில் பணம் இருந்ததா?”

அவர் தேறி எழுந்து நடக்க ஐந்து மாதம் ஆயிற்று. அந்த ஐந்து மாதமும் கும்பகோணத்திலேயே இருந்தோம். மறு ஆண்டு டிசம்பரில், விட்ட இடமாகிய ஹூவேயிலிருந்து பயணத்தைத் தொடர்ந்து, பாட்டனார் இறங்கிய பினாங்குத் துறைமுகத்தையும் கண்டோம்.

நேயர்களே, நெடும் பயணம் செல்ல விரும்புவோருக்கு நாங்கள் சொல்லக்கூடியது இதுவே. எவ்வளவு தொலைவு போகிறோம் என்று கணக்கிடுவதற்கு முன், எந்த இடத்திலிருந்தும் எவ்வளவு விரைவில் திரும்பலாம் என்று கணக்கிடுங்கள். திரும்பும் வழியை முடிவு செய்துகொண்டவனுக்கே முன்னோக்கிப் போகும் தைரியம் வருகிறது. இரண்டாம் முறை மூட்டை கட்டியபோது, பையில் ஒரு சட்டையை வைப்பதற்கு முன் நாங்கள் செய்த காரியம் ஒன்றுதான். அந்த உறையை மீண்டும் நிரப்பி ஒட்டினோம்.