அழியாத ரசாயனம்: கிணற்று நீர் கவனம்

தோல் ஆலைக் கழிவு திண்டுக்கல் சுற்று வட்டாரக் கிணறுகளைக் கெடுத்ததை சித்தையன்கோட்டை விவசாயிகள் அறிவர். அதுபோல் 'அழியா ரசாயனம்' எனப்படும் பி.எப்.ஏ.எஸ். வகைகளிலும் எச்சரிக்கை தேவை.

நான்ஸ்டிக் தோசைக்கல், நீர் ஒட்டாத துணி, தீயணைப்பு நுரை ஆகியவற்றில் இவை பயன்படுகின்றன. இவற்றின் கார்பன்-புளோரின் பிணைப்பு மிக வலுவானது; வெயிலும் நுண்ணுயிரும் எளிதில் சிதைப்பதில்லை. சாக்கடைக் கசடு, குப்பை வழியே மண், நீர், பயிர் என்று பரவி, மனித ரத்தத்திலும் சேர்கின்றன. இவற்றுள் ஒன்றான பி.எப்.ஓ.ஏ. புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2023-ல் அறிவித்தது.

நீரைக் கொதிக்க வைத்தாலும் இவை போகா. எனவே நகரக் கசடை எருவாக இடலாகாது. தொழு உரம், பசுந்தாள் உரம் இடலாம். பூச்சு உரிந்த பாத்திரங்களை எருக்குழியில் போடலாகாது. கிணறு கெட்டபின் மீட்பது அரிது.