பிளாஸ்மா பலபடிப் படலங்களில் தனி உறுப்புகள்

இணைசேராத எலக்ட்ரானைக் கொண்ட அணு அல்லது அணுத்தொகுதி தனி உறுப்பு எனப்படும். பிளாஸ்மா முறையில் படியவைக்கப்படும் மெல்லிய பலபடிப் படலங்களுக்குள் இவை ஏராளமாகச் சிக்கியிருக்கின்றன. படலம் உருவாகத் துணைபுரிவதும், உருவான பின் அதன் பண்புகளை மெல்ல மாற்றுவதும் இவையே.

உருவாகும் விதம்

காற்று அகற்றப்பட்ட கலத்துக்குள் ஒரு கரிமச் சேர்மத்தின் ஆவி குறைந்த அழுத்தத்தில் செலுத்தப்படுகிறது. உயர் அதிர்வெண் மின்புலம் (பெரும்பாலும் 13.56 மெகாஹெர்ட்ஸ்) அந்த ஆவியை ஒளிரும் பிளாஸ்மாவாக மாற்றுகிறது. வேகமான எலக்ட்ரான்கள் மோதுவதால் மூலக்கூறுகளின் பிணைப்புகள் முறிகின்றன. பிணைப்பில் இருந்த இரண்டு எலக்ட்ரான்களில் துண்டுக்கு ஒன்றாகப் பிரியும்போது தனி உறுப்புகள் பிறக்கின்றன. வழக்கமான கூட்டுப் பலபடியாக்கலுக்கு எத்திலீனில் உள்ளது போன்ற இரட்டைப் பிணைப்பு தேவை. பிளாஸ்மாவிலோ இரட்டைப் பிணைப்பே இல்லாத மீத்தேனும் படலமாகிறது.

திரவத்தில் இரு தனி உறுப்புகள் சந்தித்தால் உடனே இணைந்துவிடும். பிளாஸ்மா படலத்தில் சங்கிலிகள் குறுக்குப் பிணைப்புகளால் இறுகப் பின்னப்பட்டிருக்கும். அதனால் நகர வழியின்றிப் பல தனி உறுப்புகள் உள்ளேயே தங்கிவிடுகின்றன.

கண்டறிதல்

இவற்றை அளவிட எலக்ட்ரான் தற்சுழற்சி ஒத்ததிர்வு முறை உதவுகிறது. இதனை 1944-இல் கசான் நகரில் சவோய்ஸ்கி கண்டறிந்தார். ஏறத்தாழ 0.34 டெஸ்லா காந்தப்புலத்தில், இணைசேராத எலக்ட்ரான்கள் 9.5 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலையை உறிஞ்சுகின்றன. உறிஞ்சலின் அளவைக் கொண்டு அவற்றின் எண்ணிக்கை கணக்கிடப்படுகிறது.

படலம் மூப்படைதல்

படலம் கலத்திலிருந்து வெளியே வந்ததும் காற்றிலுள்ள ஆக்சிஜன் உள்ளே ஊடுருவுகிறது. தனி உறுப்புடன் சேர்ந்து பெராக்சி உறுப்பை உண்டாக்குகிறது. அது அருகிலுள்ள ஹைட்ரஜனைப் பறித்து ஹைட்ரோபெராக்சைடாகி, பின்னர் சிதைந்து கார்பனைல், ஹைட்ராக்சில் தொகுதிகளைத் தருகிறது. கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட மூலப்பொருளில் இருந்து செய்த படலத்திலும் இவ்வாறு ஆக்சிஜன் சேர்ந்துவிடுகிறது. நீரை விலக்கிய பரப்பு நாளடைவில் நீரை ஏற்கத் தொடங்கலாம்.

நெசவுத் துறையில்

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, சத்தியமங்கலம் அடங்கிய கொங்கு நாட்டில் இச்செய்திக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. நொய்யல் ஆற்று மாசு தொடர்பாகச் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதன் பின் நீரைக் குறைக்கும் முறைகளின் தேவை கூடியது. பிளாஸ்மா உலர் முறை. நீர்க்குளியல் இன்றியே துணிப்பரப்பில் மெல்லிய பூச்சை ஏற்ற வல்லது. ஆனால் பூச்சிட்ட அன்று நீர்த்துளி உருண்டோடிய துணி, சில மாதங்கள் கிடங்கில் இருந்த பின்னும் அவ்வாறே இருக்கும் எனக் கொள்ள முடியாது. எனவே புதிய மாதிரியோடு பழைய மாதிரியையும் சோதிப்பது அவசியம்.

கட்டுப்பாடும் பயனும்

மின்திறனை விட்டுவிட்டுக் கொடுக்கும் துடிப்புப் பிளாஸ்மாவில், மின்திறன் நிற்கும் இடைவெளிகளில் மோதல்கள் குறைகின்றன. மூலக்கூறுகளும் அதிகம் சிதைவதில்லை. எனவே எஞ்சும் தனி உறுப்புகளும் பொதுவாகக் குறைவு. படலத்தைச் சூடாக்கினால் சங்கிலிகள் அசைந்து, தனி உறுப்புகள் ஒன்றோடொன்று இணைய வழி கிடைக்கிறது.

எஞ்சியவை எப்போதும் குறையல்ல. பரப்பை வந்தடையும் தனி உறுப்புகள் புரதங்களைச் சகப்பிணைப்பால் பற்றிக்கொள்ளும். சிட்னி பல்கலைக்கழகத்தில் மார்செலா பிலெக் குழுவினர் இப்பண்பை மருத்துவ உள்வைப்புகளின் பரப்புக்குப் பயன்படுத்த ஆய்ந்துள்ளனர். துணியின் பூச்சைக் கெடுக்கும் அதே வினைத்திறன், இங்கே புரதத்தை நிலைநிறுத்த உதவுகிறது.