பழைய புல்லட் வாங்குவோருக்கு

சென்னையை அடுத்த திருவொற்றியூரில் உருவாகி நாடெங்கும் பரவிய புல்லட் மோட்டார் சைக்கிளின் பழைய வகையைக் காணுந்தோறும், அதனை வாங்கும் ஆவல் நம்மவர் பலருக்கு எழுகிறது. ஆயினும், எஞ்சினின் ஒலியில் மயங்குமுன் பதிவுப் புத்தகத்தைப் பார்த்தல் வேண்டும். அதிலுள்ள எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் பொறித்தவற்றோடு பொருந்தாவிடில், விலை எத்துணைக் குறைவாயினும் விலகுதலே நலம்.

பிற மாநிலப் பதிவுடைய வண்டியை 12 மாதங்களுக்கு மேல் வைத்திருப்போர், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, தாம் வாழும் மாநிலத்தில் புதிய பதிவெண் பெறவேண்டும். அதற்குப் பழைய பதிவு அலுவலகத்தின் ஆட்சேபணையின்மைச் சான்று தேவை. பணத்தைக் கொடுத்தபின் இச்சான்றுக்காக அலைவது, அடிக்கடி மாற்றலாகும் நம் போன்றோருக்குப் பெருந்துன்பமாகும். தில்லி வட்டாரத்தில் முதிர்ந்த வண்டிகளுக்குத் தனிக் கட்டுப்பாடுகளும் உண்டு. அங்கு வாழ்வோர் முன்னரே விசாரித்தறிதல் நன்று.

ஓட்டுவதிலும் ஒரு வேறுபாடு உண்டு. பழைய புல்லட்டில் கியர் வலக்காலிலும் பிரேக் இடக்காலிலும் அமைந்திருக்கும். புதிய வண்டிகளில் பழகிய கால், அவசரத்தில் பிரேக்கென்று கியரை மிதித்துவிடக்கூடும். ஆதலின், ஆளரவமற்ற வீதியில் சில நாள் பழகிய பின்னரே கடைத்தெருவுக்கு எடுத்துச் செல்லுமாறு நேயர்களை வேண்டுகிறோம்.