'நல்ல' கொழுப்பும் 'கெட்ட' கொழுப்பும்: கல்லீரல் நோயில் பொருந்தாத பெயர்கள்

இரத்தப் பரிசோதனை அறிக்கை கைக்கு வந்தவுடன் நம்மில் பலர் தேடுவது கொலஸ்டிரால் அளவையே. எண் குறைந்திருந்தால் மகிழ்கிறோம். கூடியிருந்தால் கவலை கொள்கிறோம். பெரும்பாலோர்க்கு இது பொருந்தும். ஆயினும் கல்லீரல் நோயுற்றாரிடத்து இவ்வழக்கம் நம்மைத் தவறான முடிவுக்கு இட்டுச் செல்லக்கூடும். நாம் வழங்கும் பெயர்களும் அதற்கு ஒரு காரணமாதலின், சொல்லிலிருந்தே தொடங்குவோம்.

'கொலஸ்டிரால்' கிரேக்க வேர்களையுடைய சொல். 'கோலே' என்பது பித்தநீர். 'ஸ்டெரியோஸ்' என்பது திண்மையானது. இப்பொருள் பித்தப்பைக் கற்களில் கண்டறியப்பட்டதாதலின், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு வேதியியலார் செவ்ரல் இவ்வேர்களைக் கொண்டு அதற்குப் பெயரிட்டார். பித்தநீரைச் சுரப்பது கல்லீரல். ஆகவே, கொலஸ்டிராலுக்கும் கல்லீரலுக்கும் உள்ள உறவு அப்பெயரிலேயே பொதிந்துள்ளது.

கொழுப்பு நீரில் கரையாது. இரத்தத்தின் நீர்மமோ பெரும்பாலும் நீரே. எனவே கொழுப்பு, புரதத்தோடு சேர்ந்த நுண்துகள்களாகவே இரத்தத்தில் செல்கிறது. இத்துகளே கொழுப்புப்புரதம். 'நல்ல கொழுப்பு' எனப்படுவது அடர்த்தி மிகு கொழுப்புப்புரதம். 'கெட்ட கொழுப்பு' எனப்படுவது அடர்த்தி குறை கொழுப்புப்புரதம். இரண்டும் சுமக்கும் கொலஸ்டிரால் ஒன்றே, ஊர்திதான் வேறு. 'நல்ல', 'கெட்ட' என்னும் அடைகள் இதயநோயை நோக்கி எழுந்தவை. கல்லீரலின் நிலையைக் கூறுவன அல்ல.

கல்லீரல் இங்கு மூன்று பணிகளைச் செய்கிறது. கொழுப்புப்புரதங்களை ஆக்குகிறது, இரத்தத்தில் சுற்றிவருவனவற்றை மீட்டெடுக்கிறது, மிகுந்த கொலஸ்டிராலைப் பித்தநீர் வழியே வெளியேற்றுகிறது. எப்பணி கெடுகிறதோ அதற்கேற்ப எண்களும் மாறுகின்றன.

கொழுப்புக் கல்லீரல் நோய் பெரும்பாலும் உடற்பருமனோடும் நீரிழிவோடும் தொடர்புடையது. இதில் கல்லீரல் டிரைகிளிசரைடு நிறைந்த துகள்களை மிகுதியாக வெளியிடுகிறது. டிரைகிளிசரைடு உயர, 'நல்ல கொழுப்பு' தாழ்கிறது.

பித்தநீர் செல்லும் வழி அடைபடின் நிலை வேறு. வெளியேற வேண்டிய கொலஸ்டிரால் இரத்தத்திற்குத் திரும்புகிறது. அப்போது 'கொழுப்புப்புரதம் எக்ஸ்' என்னும் இயல்பற்ற துகள் தோன்றுவதுண்டு. வழக்கமான சோதனைகள் அதனையும் 'கெட்ட கொழுப்பு'க் கணக்கிலேயே சேர்த்துவிடக்கூடும். உணவைக் குறைப்பதால் மட்டும் இது தீராது; அடைப்பின் காரணத்தையே நாட வேண்டும்.

மூன்றாவது நிலையே நாம் பெரிதும் கருத வேண்டியது. நெடுங்காலச் சேதத்தால் வடுத்திசு மிகுந்து கல்லீரல் இறுகுவது சிரோசிஸ். நோய் முற்றும்போது ஆக்கும் திறன் குன்றுகிறது. மொத்தக் கொலஸ்டிரால், 'நல்லது', 'கெட்டது' ஆகிய மூன்றுமே குறைகின்றன. கொலஸ்டிராலைக் கொழுப்பமிலத்தோடு இணைக்கும் நொதியும் கல்லீரலில் உருவாவதே, அதுவும் குறைகிறது. அறிக்கையில் 'கெட்ட கொழுப்பு' தாழ்ந்திருப்பதைக் கண்டு நோயாளி மகிழலாம். உண்மையில் அவ்வெண் கல்லீரலின் தளர்ச்சியைக் காட்டுவதாக இருக்கலாம்.

இதனால் குறைந்த அளவு யாவும் அச்சத்திற்குரியது எனக் கொள்ளலாகாது. மருந்தாலும் உணவுக் கட்டுப்பாட்டாலும் அது குறைவது விரும்பத்தக்கதே. மருந்தைத் தாமே நிறுத்துதல் கூடாது. காரணமின்றிக் குறையுமாயின் மருத்துவரிடம் வினவுதல் நன்று. அவர் ஆல்புமின், பிலிருபின், இரத்தம் உறையும் நேரம் ஆகியவற்றோடு சேர்த்தே அவ்வெண்ணை மதிப்பிடுவார்.

ஆசிரியர்களும் மாணவர்களும் 'நல்ல', 'கெட்ட' என்னும் எளிய வழக்கை அறவே விலக்க வேண்டுவதில்லை. அடர்த்தியைக் குறிக்கும் பெயர்களை அதனுடன் சேர்த்துக் கற்பிப்போம். எளிய வழக்கு எதுவரை பொருந்தும் என்பதையும் சொல்லிக் கொடுப்போம். வீட்டில் மூத்தோரின் அறிக்கையைப் படித்து விளக்கும் பொறுப்பு பலவேளைகளில் நம் மாணவர்களிடமே வருகிறது. அப்போது பிழையற்ற பொருள் விளக்கம் ஒருவரை உரிய காலத்தில் மருத்துவரிடம் கொண்டு சேர்க்கும்.