பாரிஸ் கண்ட மாணவர் கூட்டம்

பயண இலக்கியம் குறித்து வகுப்பில் பேசும்போதெல்லாம் மாணவர்களிடம் நாம் ஒரு வினாவை எழுப்புவதுண்டு. புகழ் பெற்ற ஒரு நகருக்கு முதன்முறையாகச் செல்கிறவர் அங்கே எதைக் காண்கிறார்? பாரிஸ் என்றால் ஈபெல் கோபுரம் என்று உடனே விடை வரும். அக்கோபுரம் எழுந்தது 1889 இல். அதற்கு அறுபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 1826 இல், எகிப்து நாட்டிலிருந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் ஓரணியாகக் கல்வி கருதிப் பாரிஸ் சென்றனர். அவர்களுள் ஒருவர் தாம் கண்டவற்றை எழுதி வைத்தார். கோபுரம் இல்லாத அந்தப் பாரிஸில் அவர் கண்டவை எவை என்பதை ஈண்டுக் காண்போம்.

அவர் பெயர் ரிஃபாஆ அத்தஹ்தாவி. மேல் எகிப்தின் தஹ்தா என்னும் ஊரில் 1801 இல் பிறந்தவர். கெய்ரோவின் அல்அஸ்ஹரில் ஹசன் அல்அத்தார் என்னும் பேரறிஞரிடம் பயின்றவர். எகிப்தை அந்நாளில் ஆண்ட முஹம்மது அலி, ஐரோப்பியக் கலைகளைக் கற்றுவர மாணவர் அணியொன்றை அனுப்பினார். ரிஃபாஆ அவ்வணியில் மாணவராகச் சேர்க்கப்பட்டவர் அல்லர் என்பது குறிப்பிடத்தக்கது. மாணவர்களுக்குத் தொழுகை நடத்தும் இமாமாகவே அவர் அனுப்பப்பட்டார். எனினும், காணும் புதுமைகளையெல்லாம் குறித்துவருமாறு ஆசிரியர் அத்தார் அவரைப் பணித்திருந்தார். அந்த ஒரு சொல்லே இமாமை மாணவராக்கிற்று என்று நாம் கருதுகிறோம்.

அலெக்சாந்திரியாவிலிருந்து ஏறத்தாழ ஒரு மாதக் கடற்பயணம். கப்பல் மார்செய் துறைமுகத்தை அடைந்ததும் அனைவரும் ஊருக்குள் விடப்படவில்லை. கீழ்நாட்டிலிருந்து வருவோர் தொற்றுநோய் அச்சத்தால் முதலில் ஒதுக்கிடத்தில் தங்கவேண்டும் என்பது அன்றைய விதி. 2020 ஆம் ஆண்டைக் கடந்துவந்த நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. பிரெஞ்சு நாட்டைப் பற்றிய ரிஃபாஆவின் முதல் பாடம் அந்த ஒதுக்கிடத்துச் சாப்பாட்டு மேசையில்தான் தொடங்கியது. தரையில் விரிப்பு இல்லை, ஆளுக்கொரு நாற்காலி. ஒவ்வொருவர் முன்னும் தனித் தட்டு, தனிக் குவளை, கத்தி, முட்கரண்டி, கரண்டி. ஒருவர் தட்டில் மற்றவர் கை வைப்பதில்லை. ஒருவர் குவளையில் மற்றவர் பருகுவதில்லை. நம் விருந்துகளில் ஒரு சஹனைச் சுற்றி நால்வர் அமர்ந்து உண்டு பழகியவர்களுக்கு அவர் எதைக் கண்டு வியந்தார் என்பது எளிதில் விளங்கும். அவர் இதனை இகழவும் இல்லை, தலைமேல் வைத்துக் கொண்டாடவும் இல்லை. யார் எப்படி உண்கிறார் என்பதை ஒழுங்காக எழுதிவைத்தார், அவ்வளவே.

மார்செய் நகரில் ஒரு காப்பிக் கடைக்குள் நண்பர்களோடு நுழைந்தபோது நேர்ந்தது சுவையானது. உள்ளே மக்கள் திரள் எல்லாத் திசையிலும் நடமாடக் கண்டு, அது ஒரு பெருந்தெரு என்றே ரிஃபாஆ எண்ணிவிட்டார். தங்கள் உருவங்களே அந்தக் கூட்டத்தில் பலவாகத் தெரிந்தபோதுதான், சுவர்களெல்லாம் நிலைக்கண்ணாடி என்பது புலனாயிற்று. கற்றறிந்த ஒருவர் தாம் ஏமாந்ததை மறைக்காமல் நூலில் எழுதியிருப்பதே அவருடைய ஏனைய செய்திகளையும் நம்பத் தூண்டுகிறது.

பாரிஸை அடைந்தபின் முதலில் மாணவர் அனைவரும் ஒரே இல்லத்தில் தங்கவைக்கப்பட்டனர். சேர்ந்து உண்டனர், சேர்ந்து படித்தனர். வெளியே செல்வதற்கும் விதிகள் இருந்தன. அவர்களுடைய கல்வியை மேற்பார்வையிட்டவர் ழோமார் என்னும் அறிஞர். நெப்போலியனின் எகிப்தியப் படையெடுப்பில் உடன்சென்று அந்நாட்டை ஆராய்ந்தவர். நல்ல ஆசிரியர்களும் இருந்தனர், வேளையும் இருந்தது. ஆயினும் பிரெஞ்சு மொழி மட்டும் நாவில் ஏறவில்லை. காரணம் எளிது. வகுப்பு முடிந்தவுடன் அவர்கள் தமக்குள் தம் மொழியிலேயே பேசிக்கொண்டனர். பாரிஸின் நடுவே ஒரு குட்டிக் கெய்ரோ உருவாகிவிட்டது! இதனை உணர்ந்த மேலோர் அவர்களைப் பிரித்து, ஒருவர் இருவராகப் பிரெஞ்சுக்காரர் நடத்தும் விடுதிகளில் தங்கவைத்தனர். உணவு வேண்டுமென்றாலும் பிரெஞ்சில்தான் கேட்கவேண்டும் என்ற நிலை வந்தபின்னரே மொழி வந்தது.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று எண்ணவேண்டும். புதிய ஊரில் நண்பர் துணை பெரும்பேறு. வழி தவறினால் கை கொடுக்கும். ஊர் நினைவு வாட்டும்போது ஆறுதல் தரும். ஆனால் அத்துணையே சில வேளை ஊருக்கும் நமக்கும் நடுவே திரையாகிவிடுகிறது. பத்துப் பேராகச் சென்று, பத்துப் பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே திரும்பிவிடும் சுற்றுலாக்களை நாம் அறியாதவர்களா என்ன?

பார்க்கப் போனவர்களே பார்க்கப்படும் பொருளாகவும் ஆவதுண்டு. முஹம்மது அலி பிரெஞ்சு மன்னருக்கு ஓர் ஒட்டகச்சிவிங்கியையும் பரிசாக அனுப்பியிருந்தார். அது மார்செய்யிலிருந்து நடந்தே பாரிஸ் வந்து சேர்ந்தது 1827 ஜூன் இறுதியில். நகரமே திரண்டு அதனைக் கண்டது. அந்நாளில் தலைப்பாகை அணிந்து அத்தெருக்களில் நடந்த எகிப்திய மாணவர்மீதும் எத்தனை கண்கள் மொய்த்திருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

மொழி கைவந்தபின் ரிஃபாஆவின் பார்வை மாறுகிறது. தண்ணீர்ப் பீப்பாய் வண்டிகள் தெருவை நனைத்துச் செல்வதைக் கண்டு, வெப்பம் மிகுந்த தம் நாட்டுக்கன்றோ இது மிகவும் தேவை என்று எண்ணுகிறார். நாடக அரங்கிற்கு அரபியில் சொல் இன்மையால் பிரெஞ்சுச் சொல்லையே எழுத்துப்பெயர்த்து எழுதி, விளையாட்டு வடிவில் அறம் உணர்த்தும் இடம் என்று விளக்கம் தருகிறார். செய்தித்தாள் அவரை மிகவும் ஈர்க்கிறது. அதில் பொய்யும் உண்டு என்பதை அவர் மறைக்கவில்லை. ஆனால் எளியவனும் தன் குறையை அச்சில் ஏற்றலாம் என்பதை உணர்கிறார். பிரெஞ்சுக்காரரின் புதுமை மோகத்தையும் அவர் விடவில்லை. அவர்கள் தொப்பியை விட்டுத் தலைப்பாகைக்கு வரமாட்டார்கள். ஆனால் தொப்பியின் வடிவையும் நிறத்தையும் மட்டும் ஓயாது மாற்றிக்கொண்டிருப்பார்கள் என்பது அவர் கணிப்பு.

1830 ஜூலையில் மன்னர் பத்தாம் சார்லஸ் செய்தித்தாள்களின் உரிமையைப் பறித்தும் மன்றத்தைக் கலைத்தும் ஆணைகள் பிறப்பித்தார். மக்கள் கிளர்ந்தெழுந்தனர். 27, 28, 29 ஆகிய மூன்று நாட்கள் பாரிஸ் தெருக்களில் போர் நடந்தது. மன்னர் முடிதுறந்தார். வேறொரு பயணி கதவைத் தாழிட்டுக்கொண்டு அமர்ந்திருப்பார். ரிஃபாஆவோ அந்நிகழ்ச்சிகளைத் தம் நூலில் விரிவாக எழுதினார். அரசனையும் சட்டத்திற்குள் நிறுத்தும் பிரெஞ்சு அரசியல் சாசனத்தை அரபியில் பெயர்த்துச் சேர்த்தார். சட்டத்தின் முன் அனைவரும் நிகர் என்னும் விதியை மனமுவந்து பாராட்டினார். நகரத்தின் கட்டடங்களை விட அதனை இயக்கும் விதிகளை அவர் கண்டார் என்று நாம் கூறுவது இதனால்தான்.

இத்தனையும் எளிதில் வரவில்லை. தம் உதவித்தொகையிலிருந்தே பணம் கொடுத்து நூல்கள் வாங்கினார். தனி ஆசிரியர் ஒருவரை அமர்த்திக்கொண்டார். இரவெல்லாம் படித்ததால் இடக்கண் நலிவுற்றது. இரவில் படிக்கக் கூடாது என்று மருத்துவர் தடுத்தும் அவர் கேட்கவில்லை. பாடம் பின்தங்கிவிடுமே என்ற அச்சம்!

1831 இல் நாடு திரும்பிய அவர் எழுதிய நூல் 1834 இல் கெய்ரோவின் பூலாக் அச்சகத்தில் வெளிவந்தது. 2004 இல் ஆங்கில மொழிபெயர்ப்பும் வந்துள்ளது. அந்நூலில் ஒரு வருத்தம் பதிவாகியுள்ளது. எகிப்தின் தொன்மைச் சின்னங்களை அயலாருக்கு வழங்குவது, பிறர் அணிகலனைப் பறித்துத் தன்னை அழகுசெய்துகொள்வது போன்றது என்று அவர் கருதினார். பாரிஸை நேசித்தவர்தாம், அதற்காகத் தம் மண்ணின் பொருள் அங்கே போவதை அவர் ஏற்கவில்லை.

லக்சர் கோயில் வாயிலில் மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக நின்ற, சுமார் 23 மீட்டர் உயரமுள்ள ஒற்றைக்கல் தூண், 1836 அக்டோபர் 25 அன்று பாரிஸின் கான்கார்டு சதுக்கத்தில் நிறுத்தப்பட்டது. இன்று அந்நகருக்குச் செல்லும் மாணவர்கள் அதன் அடியில் நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். அது அங்கே நிறுத்தப்பட்ட நாளில் ரிஃபாஆ கெய்ரோவில் இருந்தார். அதற்கு முந்திய ஆண்டு தொடங்கப்பட்ட மொழிப் பள்ளியில், பாரிஸைக் கண்டிராத எகிப்திய இளைஞர்கள் பிரெஞ்சு படித்துக்கொண்டிருந்தனர்.